கதம்பச் சரத்தை எடை போட்டவர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ரப்பர் பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே ஒருத்தி கேட்டிருந்தாள். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள், இப்போது ஒரு மருந்து நிறுவனத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். "டீச்சர், கோபாலிமரை எல்.சி.எம்.எஸ். மெஷின்ல ஓட்டுறேன்னு சொன்னா எங்க அம்மா, 'அது என்னடி, மாவு மெஷினா?'ன்னு கேக்கறாங்க. நீங்க எழுதினா அம்மா படிப்பாங்க" என்று. நான் படித்தது ஆசிரியர் பயிற்சி. வேதியியல் பட்டம் என்னிடம் இல்லை. ஒரு மாதம் உட்கார்ந்து வாசித்தேன், புரியாததை அவளிடமே போனில் கேட்டேன். கடைசியில் மெஷினைவிட அதன் வரலாறுதான் என்னை இழுத்துக்கொண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோபாலிமர் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலிக்குப் பாலிமர் என்று பெயர். மல்லிகைச் சரம் மாதிரி. ஒரே பூ, வரிசையாக. கோபாலிமரில் இரண்டு வகைப் பூ இருக்கும், மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்துத் தொடுத்த கதம்பம் போல. இந்தக் கதம்பத்தைப் பல விதமாகத் தொடுக்கலாம். ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டலாம். கைக்கு வந்த பூவை வந்தபடி கட்டலாம். முதல் முழம் முழுக்க மல்லிகை, அடுத்த முழம் முழுக்க கனகாம்பரம் என்றும் கட்டலாம். பூக்களின் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றாகவே இருந்தாலும் சரம் வேறு.

இது வெறும் அலங்கார விஷயம் என்று நினைக்காதீர்கள். ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரண்டையும் கைக்கு வந்தபடி கோத்தால் கார் டயருக்கான ரப்பர். அதே இரண்டையும் தனித்தனிக் கட்டங்களாகக் கோத்தால், சூடாக்கி உருக்கி அச்சில் ஊற்றக்கூடிய செருப்பு அடிப்பாகம். தொடுத்த விதத்தில்தான் வித்தியாசம்.

இன்னொரு சிக்கல். தொழிற்சாலையில் இந்தச் சரங்களைக் கையால் யாரும் கட்டுவதில்லை. ஒரு பெரிய கலனில் ஒரே நேரத்தில் கோடானுகோடி சரங்கள் தாமாக வளர்கின்றன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்றில் மல்லிகை அதிகம், ஒன்றில் கனகாம்பரம். ஒரு சிட்டிகை எடுத்து "இதன் எடை என்ன, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. சராசரியைத்தான் சொல்ல முடியும்.

சராசரி என்ன செய்யும் என்பது பள்ளிக்கூடத்தில் இருந்த நமக்குத் தெரியாதா? ஒரு வகுப்பில் 40 பிள்ளைகளும் ஆளுக்கு 50 மதிப்பெண். பக்கத்து வகுப்பில் 20 பேர் நூற்றுக்கு நூறு, 20 பேர் பூஜ்யம். இரண்டு வகுப்புக்கும் சராசரி 50தான். பார்வையிட வருகிறவர்கள் பதிவேட்டில் அந்த 50ஐப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பூஜ்யம் வாங்கிய 20 பேரையும் தினமும் பார்ப்பது வகுப்பு டீச்சர் மட்டும்தான். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அந்தப் பதிவேட்டைத் தள்ளிவைத்துவிட்டு வகுப்புக்குள் எட்டிப் பார்த்தவர்கள்.

அப்படி ஒரு வகுப்பே இல்லை என்று உலகம் சொன்ன காலத்திலிருந்து தொடங்க வேண்டும். 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர், ரப்பர் போன்ற பொருள்கள் ஆயிரக்கணக்கான அணுக்கள் உண்மையான பிணைப்பால் இணைந்த நீண்ட சங்கிலிகள் என்று எழுதினார். அப்போது பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் வேறு மாதிரி நம்பினார்கள். சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி. ஹைன்ரிக் வீலாண்ட் என்ற பெரியவர், இந்தப் பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், உங்கள் ரப்பரை நன்றாகச் சுத்தம் செய்தால் அது படிகமாகிவிடும் என்று நட்போடு புத்தி சொன்னாராம். ஸ்டாடிங்கரே பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார். சொன்னவர் சாமானியர் இல்லை, 1927க்கான நோபல் பரிசு பெற்றவர். ஸ்டாடிங்கர் கேட்கவில்லை. 1926இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயே வேலையைத் தொடர்ந்தார். அவருக்கு நோபல் கிடைத்தது 1953இல், 72 வயதில்.

அவரிடம் எடை போடும் தராசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கரைசல் எவ்வளவு கொழகொழப்பாக இருக்கிறது என்று பார்த்து, சங்கிலி எவ்வளவு நீளம் என்று கணித்தார். பாகு பதம் பார்ப்பது மாதிரி. அதில் கிடைத்ததும் சராசரிதான்.

அதற்குள் கோபாலிமர் உலகத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. 1929இல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் வால்டர் போக், எட்வர்ட் சுங்கூர் இருவரும் ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் சேர்த்து ஒரு செயற்கை ரப்பர் செய்திருந்தார்கள். பூனா எஸ் என்று பெயர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலேயாவின் பால்மரத் தோட்டங்கள் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து போனவர்கள். அவர்களில் எத்தனையோ பேரை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே ஒரு வரியில் கடப்பது மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது.

அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் நின்றுபோனது. டயர் இல்லாமல் லாரி இல்லை, விமானமும் இல்லை. அரசாங்கமும் கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அதே ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பரைப் பெருமளவில் தயாரித்தார்கள். 1945 வாக்கில் ஆண்டுக்கு சுமார் 9 லட்சம் டன் செயற்கை ரப்பர்.

அந்த வேகத்தில்தான் ஒரு முக்கியமான உண்மை கணக்காக எழுதப்பட்டது. 1944இல், அமெரிக்க ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்த ஃபிராங்க் மேயோ, ஃபிரெட்ரிக் லூயிஸ் இருவரும் கோபாலிமர் எப்படி வளர்கிறது என்பதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். அதன் சாரம் இதுதான். கூடையில் மல்லிகையும் கனகாம்பரமும் பாதிக்குப் பாதி இருந்தாலும், சரத்தில் பாதிக்குப் பாதி ஏறாது. கடைசியாக ஏறிய பூவுக்கு அடுத்து எந்தப் பூ ஏறப் பிரியப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வகை வேகமாக ஏறினால் கூடையில் அது சீக்கிரம் குறையும். அதனால் காலையில் கட்டிய சரத்தில் இருக்கும் விகிதம் வேறு, மாலையில் கட்டிய சரத்தில் இருக்கும் விகிதம் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுச் சராசரி பார்த்தால், கூடையில் முதலில் போட்ட விகிதமே வந்து நிற்கும்! காகிதத்தில் மேயோவும் லூயிஸும் இதைச் சொல்லிவிட்டார்கள். மூட்டையைப் பிரித்துக் கண்ணால் பார்க்கத்தான் வழி இல்லை.

பிரிக்கிற வழி வேறொரு இடத்தில், முப்பது நாற்பது வருடம் முன்பே, செடி கொடி ஆராய்ந்த ஒருவர் கையில் பிறந்திருந்தது.

என்னிடம் படித்தவர்களுக்கு அந்தச் சாக்பீஸ் சோதனை நினைவிருக்கும். சாக்பீஸின் அடியில் கருப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி வைப்போம். தண்ணீர் மேலே ஏற ஏற கருப்பு பிரிந்து நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். பாடப்புத்தகம் இதை வண்ணப்பிரிகை என்று சொல்கிறது. இதைத் தொடங்கி வைத்தவர் மிகயீல் த்ஸ்வேத். ரஷ்யர், தாய் இத்தாலியர், பிறந்தது 1872இல் இத்தாலியில். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, இலையிலிருந்து எடுத்த சாற்றை மேலே ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாக இறங்கின. 1903இல் வார்சாவில் இதைப் பற்றிப் பேசினார். 1906இல் இதற்குக் குரோமடோகிராபி என்று பெயர் வைத்தார், நிறத்தால் எழுதுதல் என்று பொருள். ரஷ்ய மொழியில் த்ஸ்வேத் என்றாலும் நிறம்தான். தன் பெயரையே வைத்துவிட்டாரோ என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சிரித்துக்கொள்கிறார்கள்.

அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலைப்பச்சையத்தில் பெரிய ஆளான ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் இந்த முறையை நம்பவில்லை. வில்ஸ்டாட்டருக்கு 1915இல் நோபல் கிடைத்தது. த்ஸ்வேத் 1919இல், 47 வயதில், வரோனேஷ் நகரில் இறந்தார். 1931இல் ஹைடல்பர்க்கில் ரிச்சர்ட் கூனின் ஆய்வுக்கூடத்தில் அவர் முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதன் பிறகு அது நிற்கவே இல்லை. 1941இல் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் இங்கிலாந்தில் கம்பளி ரோமத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்க அதை மாற்றியமைத்தார்கள். இருவருக்கும் 1952இல் நோபல்.

பாலிமருக்கு அது வந்து சேர்ந்தது 1964இல். அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் ஜான் மூர் என்பவர் குழாயில் சுண்ணாம்புக்குப் பதிலாக, நுண்துளைகள் உள்ள பாலிஸ்டைரீன் மணிகளை அடைத்தார். பாலிமர் கரைசலை உள்ளே அனுப்பினார். பெரிய சங்கிலிகள் முதலில் வெளியே வந்தன, சின்னவை கடைசியில். தலைகீழாகத் தோன்றுகிறதா? தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் சந்துக்குள் நுழைய முடியாது, ரத வீதியில் நேராகப் போய் நிலைக்கு வந்துவிடும். சைக்கிளில் வரும் பையன் ஒவ்வொரு சந்திலும் நுழைந்து, பொரி வாங்கி, பலூன் பார்த்து, கடைசியில்தான் வந்து சேருவான். மணிகளின் துளைகள்தான் சந்துகள். அதுவரை ஒரு பாலிமரை நீளவாரியாகப் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும். மூரின் முறையில் சில மணி நேரம் போதும்.

ஆனால் கோபாலிமருக்கு இது போதவில்லை. இந்தக் குழாய் பார்ப்பது சங்கிலியின் பருமனை மட்டும். மல்லிகை அதிகமுள்ள சரமும் கனகாம்பரம் அதிகமுள்ள சரமும் ஒரே பருமனில் சுருண்டுகிடந்தால், இரண்டும் ஒன்றாகவே வெளியே வரும்.

இந்த இடத்தில் சோவியத் ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லெனின்கிராடில் பெலென்கி, மாஸ்கோவில் எண்டெலிஸ், எவ்ரெய்னோவ், கோர்ஷ்கோவ் என்று சிலர் 1970களில் இதைப் பற்றி யோசித்தார்கள். குழாய்க்குள் இரண்டு விஷயங்கள் எதிரெதிராக நடக்கின்றன. துளைக்குள் போக முடியாததால் நீளச் சங்கிலி சீக்கிரம் வர வேண்டும். அதே சமயம், மணியின் மேல் ஒட்டுகிற குணம் இருந்தால் நீளச் சங்கிலி அதிக இடங்களில் ஒட்டித் தாமதமாக வர வேண்டும். கரைப்பானைக் கலக்கும் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால், ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று சரியாகச் சமன் செய்துவிடும். அந்த இடத்தில் நீளமோ குட்டையோ எல்லாச் சங்கிலியும் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மல்லிகைக்கு அந்தச் சமநிலையை வைத்துவிட்டால், மல்லிகைப் பகுதி எவ்வளவு நீளமாக இருந்தாலும் குழாயின் கண்ணுக்கு அது தெரியாது. மறைந்தே போய்விடும். கனகாம்பரப் பகுதியை மட்டும் வைத்துச் சரங்களைப் பிரிக்கலாம்! சரத்தின் முனையில் என்ன முடிச்சுப் போட்டிருக்கிறது என்பதை வைத்துக்கூடப் பிரிக்கலாம். ஒன்றைப் பார்க்க இன்னொன்றை மறைப்பது. விலை உயர்ந்த புதுக் கருவி எதுவும் இல்லாமல், கரைப்பான் கலவையை மாற்றியே சாதித்திருக்கிறார்கள்.

சரி, பிரித்தாயிற்று. எடை?

மூலக்கூறை ஒவ்வொன்றாக எடை போடும் கருவி ஏற்கெனவே இருந்தது. நிறை நிறமாலைமானி, சுருக்கமாக மாஸ் ஸ்பெக். பொருளை ஆவியாக்கி, மின்னேற்றம் கொடுத்து, வெற்றிடத்தில் பறக்கவிட்டு, எவ்வளவு வளைகிறது அல்லது எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்று பார்த்து எடையைச் சொல்லும். 1919லேயே ஃபிரான்சிஸ் ஆஸ்டன் நல்ல கருவி செய்துவிட்டார். ஆனால் பாலிமரை எப்படி ஆவியாக்குவது? சூடாக்கினால் ஆவியாகும் முன்பே கருகும். பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்த கதைதான்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மால்கம் டோல் என்ற பேராசிரியர், கார்களுக்கு மின்சாரத்தால் பெயிண்ட் தெளிக்கும் முறையிலிருந்து ஒரு யோசனை பெற்றார். பாலிமரை நீர்த்த கரைசலாக்கி, ஊசி முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்துத் தெளித்தால், மின்னேற்றம் உள்ள நுண்துளிகள் பறக்கும். துளி உலர உலரச் சுருங்கும், மின்னேற்றமோ அப்படியே இருக்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் துளி வெடிக்கும். எவ்வளவு தாங்கும் என்று 1882லேயே ரேலே பிரபு கணக்குப் போட்டு வைத்திருந்தார். வெடித்து வெடித்துச் சிறிதாகி, கடைசியில் ஒரே ஒரு சங்கிலி தன் மின்னேற்றத்தோடு தனியே மிஞ்சும் என்று டோல் எதிர்பார்த்தார். சூடாக்க வேண்டியதே இல்லை! 1968இல் பாலிஸ்டைரீனை வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட சங்கிலிகளின் எடை 51,000, இன்னொன்று 4 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு பெரிய எடையைச் சரியாக அளக்கும் மாஸ் ஸ்பெக் அவரிடம் இல்லை. கிடைத்த முடிவுகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பலர் அதை மறந்துபோனார்கள்.

மறக்காத ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபென். வாயுத் தாரைகளில் நிபுணர். டோலின் அமைப்பில் வாயு வேகமாக விரியும்போது குளிர்ந்து, உலர்ந்த சங்கிலிமேலேயே கரைப்பான் திரும்பப் படிந்துவிடுகிறது என்று கண்டுகொண்டார். எதிர்த்திசையிலிருந்து உலர்ந்த வாயுவை ஊதி அதைச் சரி செய்தார். ஜப்பானிலிருந்து வந்த மசாமிச்சி யமாஷிடாவுடன் சேர்ந்து 1984இல் முதல் கட்டுரைகள். அதே 1984இல் லெனின்கிராடில் அலெக்சாந்த்ரோவ், லிதியா கால் முதலானோர் தனியாக இதே முறையைச் செய்து, திரவக் குரோமடோகிராபியோடு இணைத்தும் காட்டினார்கள். அது ரஷ்ய மொழியில் வந்ததால் மேற்கே அதிகம் பேர் படிக்கவில்லை. லிதியா காலின் பெயர் நம் பிள்ளைகளின் புத்தகத்தில் ஒரு மூலையிலாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

ஃபென்னுக்குப் புகழ் தந்தது புரதங்கள். ஆனால் அதற்கு வழிகாட்டியது ஒரு செயற்கைப் பாலிமர்தான் என்பதைப் பலர் சொல்வதில்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால், களிம்பிலும் மலமிளக்கி மருந்திலும் இருப்பது. 17,500 எடையுள்ள அந்தச் சங்கிலி 23 மின்னேற்றங்களைச் சுமந்துகொண்டு பறந்ததை 1988இல் ஃபென் குழு வெளியிட்டது. மாஸ் ஸ்பெக் பார்ப்பது எடையை மின்னேற்றத்தால் வகுத்த ஈவை. ஆகவே 17,500 என்ற பாரம் கருவிக்கு 800க்குள் தெரிந்தது. சாதாரணக் கருவியே போதும்! ஒரு பல்லக்கை 23 பேர் தூக்கினால் ஒரு தோளில் விழும் பாரம் மாதிரி. ஃபென் தன் நோபல் உரைக்கு வைத்த தலைப்பே மூலக்கூறு யானைகளுக்கு மின்தெளிப்புச் சிறகு என்ற பொருளில்தான். அப்போது அவருக்கு வயது 85.

அந்த 2002 பரிசைப் பகிர்ந்துகொண்ட இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயிச்சி தனாகா. கியோட்டோவில் ஷிமாட்சு என்ற கருவி நிறுவனத்தின் பொறியாளர். மின்பொறியியலில் இளநிலைப் பட்டம் மட்டும், முனைவர் பட்டம் கிடையாது. லேசர் ஒளியால் பெரிய மூலக்கூறுகளை உடையாமல் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார். 1985இல் ஒரு நாள், கோபால்ட் நுண்தூளில் அசிட்டோனுக்குப் பதிலாகக் கிளிசரினை ஊற்றிவிட்டார். தூளைக் கொட்டிவிட மனம் வரவில்லை. வீணாகப் போகக் கூடாது என்று அதையே கருவியில் வைத்துப் பார்த்தார். அதுவரை வராத சமிக்ஞை வந்தது. 1988இல் அவர் குழு ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே புரதத்தோடு பாலிமரும் இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், லேசர் முறையில் இன்று ஆய்வகங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஜெர்மனியின் மைக்கேல் காரஸ், ஃபிரான்ஸ் ஹில்லன்காம்ப் உருவாக்கிய வழியை. அவர்களுக்குப் பரிசு கொடுக்காதது பற்றி அப்போது நிறையப் பேச்சு எழுந்தது. எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனாலும் முனைவர் பட்டம் இல்லாத 43 வயதுப் பொறியாளர் மேடையேறியதில் எனக்குள்ள சந்தோஷத்தையும் மறைக்கப் போவதில்லை.

இனி இரண்டையும் இணைக்க வேண்டும். குழாயிலிருந்து வருவது திரவம், மாஸ் ஸ்பெக் கேட்பது வெற்றிடம். நிமிடத்துக்கு ஒரு மில்லி தண்ணீர் வந்தாலே, அது ஆவியாகும்போது சாதாரணக் காற்றழுத்தத்தில்கூட ஒரு லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். வெற்றிடத்தில் கேட்கவே வேண்டாம். இதற்காக என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். ஓடும் பட்டையில் துளியைத் தடவி உலர்த்தி உள்ளே அனுப்பியவர்கள்கூட உண்டு. மின்தெளிப்பு இந்தத் தலைவலியைக் குறைத்தது, ஏனென்றால் அது வெளிக்காற்றிலேயே துளியை உலர்த்திவிடுகிறது. 1993இல் லாஸ்லோ புரோக்காய், வில்லியம் சைமன்சிக் இருவரும் மூரின் வகைக் குழாயை மின்தெளிப்பு மாஸ் ஸ்பெக்கோடு நேரடியாக இணைத்துக் காட்டினார்கள். சிசிலித் தீவின் கட்டானியாவில் மோண்டாவ்டோ குழு வேறு வழியில் போனது. குழாயிலிருந்து சொட்டுவதைத் தனித்தனியாகச் சேகரித்து, ஒவ்வொன்றையும் லேசர் முறையில் எடை போட்டு, கோபாலிமரின் உள்விகிதத்தைக் கணக்கிட்டார்கள்.

இரண்டும் சேர்ந்தே ஆக வேண்டுமா, ஒன்று போதாதா? இதற்கு ஒரு ஆறாம் வகுப்புக் கணக்கு போதும். எத்திலீன் ஆக்சைடு, புரோப்பிலீன் ஆக்சைடு என்ற இரண்டு பூக்கள். முதல் பூவின் எடை 44, இரண்டாவது 58. மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடியுங்கள் பார்ப்போம். 1276. அதாவது 29 முதல் பூவும் 22 இரண்டாம் பூவும் ஒரே எடை! ஒரு சரத்தில் 29 மல்லிகையை எடுத்துவிட்டு 22 கனகாம்பரத்தை வைத்தால் தராசுக்குத் தெரியாது. தசம இடங்களையும் சேர்த்துத் துல்லியமாகப் பார்த்தால் 1276.76, 1276.92 என்று வரும். வித்தியாசம் 0.16. ஆயிரக்கணக்கில் எடையுள்ள சரத்தில், பல மின்னேற்றங்களால் வகுபட்டு வரும்போது அந்த 0.16ஐப் பிரித்துப் பார்க்க மிக நல்ல கருவி வேண்டும். ஆனால் புரோப்பிலீன் ஆக்சைடு எண்ணெய்க் குணம் உள்ளது, தண்ணீரை அவ்வளவாக விரும்பாது. எண்ணெய்க் குணமுள்ள மணிகள் அடைத்த குழாயில் அது அதிகமுள்ள சரம் ஒட்டி நின்று தாமதமாக வரும். தராசு ஏமாறுகிற இடத்தில் குழாய் பிரித்துவிடுகிறது. குழாயில் ஒன்றாகச் சேர்ந்து வருகிறவற்றைத் தராசு பிரித்துவிடுகிறது.

இந்த இரண்டு பூக்களைச் சும்மா உதாரணத்துக்கு எடுக்கவில்லை. இவற்றைக் கட்டம் கட்டமாகக் கோத்த பொருளை 1950களில் அமெரிக்காவின் வயண்டாட் கெமிக்கல்ஸ் நிறுவனம் புளூரோனிக் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. நடுவில் புரோப்பிலீன் ஆக்சைடு, இரண்டு பக்கமும் எத்திலீன் ஆக்சைடு. அதில் ஒரு வகை மருந்துத் துறையில் போலாக்சமர் 188. இன்று பல உயிர்ம மருந்துகளைப் பெரிய தொட்டிகளில் விலங்குச் செல்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். செல்கள் மூச்சுவிடத் தொட்டிக்குள் காற்றை ஊத வேண்டும். காற்றுக் குமிழ் மேலே வந்து வெடிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் செல்லும் கிழிந்து சாகும். போலாக்சமர் கொஞ்சம் கலந்தால் செல்கள் குமிழில் ஒட்டாமல் தப்பிக்கும்.

தரக் கட்டுப்பாடு என்ன கேட்கிறது? சராசரி எடை 7,680க்கும் 9,510க்கும் நடுவில் இருக்க வேண்டும். எத்திலீன் ஆக்சைடு பங்கு சுமார் 82 சதவீதம். இரண்டுமே சராசரிகள். 2010களில் மருந்து நிறுவனங்கள் ஒரு விசித்திரத்தை எழுத ஆரம்பித்தன. சில மூட்டைப் போலாக்சமரில் செல்கள் நன்றாக வளர்கின்றன, சில மூட்டையில் வளராமல் சாகின்றன. இரண்டு மூட்டையின் சான்றிதழிலும் எல்லாம் சரி! குழாயையும் தராசையும் வைத்துத் தேடியபோது, கெட்ட மூட்டைகளில் வழக்கத்தைவிடக் கனமான, எண்ணெய்க் குணம் அதிகமான சங்கிலிகள் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பது தெரிந்தது. சராசரியை அசைக்கும் அளவுக்கு அவை இல்லை, தொட்டியைக் கெடுக்கப் போதுமான அளவு இருந்தன.

தயாரிப்பிலேயே இப்படிக் கலப்படம் சேர வாய்ப்பு இருக்கிறது. புரோப்பிலீன் ஆக்சைடு சில நேரம் வடிவம் மாறி, ஒரு முனை அடைபட்ட சங்கிலியைத் தொடங்கிவிடும். அதற்கு ஒரு பக்கம் மட்டும்தான் எத்திலீன் ஆக்சைடு ஏறும். மூன்று கட்டச் சரத்துக்கு நடுவே இரண்டு கட்டச் சரங்கள் வந்து சேரும். யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை, அந்த வேதிவினையின் சுபாவம் அது. அதனால்தான் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவள் அம்மாவுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் மகள் ஓட்டுவது மாவு மெஷின் இல்லை அம்மா, மூட்டைக்குள் எட்டிப் பார்க்கிற வேலை.

இன்னும் முடியாத வேலையும் உண்டு. கைக்கு வந்தபடி கோத்த ஒரு நீண்ட சரத்தில் முதல் பூ என்ன, இரண்டாவது என்ன என்று கடைசி வரை வரிசையாகப் படிக்க இந்தக் கருவிகளால் இன்றும் முடிவதில்லை. வரிசை மாறினாலும் எடை மாறாது, 0.16 வித்தியாசம்கூட இருக்காது. சரத்தை மாஸ் ஸ்பெக்குக்குள்ளேயே உடைத்து, துண்டுகளை எடை போட்டு, துண்டிலிருந்து முழுச் சரத்தை ஊகிக்கிறார்கள். குட்டைச் சரத்துக்கு இது நன்றாகவே வருகிறது.

நீளம் கருதி மைக்கேல் ஸ்வார்க்கை விட்டுவிட்டேன். 1956இல், நிற்காமல் வளரக் காத்திருக்கும் "உயிருள்ள" சங்கிலிகளைச் செய்து, கட்டம் கட்டமாகக் கோப்பதை எல்லோருக்கும் சாத்தியமாக்கியவர். அவரை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன். அதற்குள் 29ஐ 44ஆலும் 22ஐ 58ஆலும் பெருக்கிப் பார்த்துவிடுங்கள், கால்குலேட்டர் இல்லாமல்.